ஃபோக்கல் கே2 பவரா, மொரெல் ஹைப்ரிடா? காருக்குள் கேட்டுப் பார்த்தவன் கணக்கு

கார் ஸ்பீக்கருக்குக் கொஞ்சம் பெரிய தொகையே ஒதுக்கிவிடலாம் என்று முடிவானதும் கடைசியில் போட்டியில் நின்றவை இரண்டு: பிரான்ஸின் ஃபோக்கல் கே2 பவர், இஸ்ரேலின் மொரெல் ஹைப்ரிட். இரண்டுமே ஆறரை அங்குல கம்போனென்ட் செட். கதவில் மிட்பேஸ் (கீழ், நடு ஒலிகளுக்கு), மேலே தனியாக ட்வீட்டர் (உச்ச ஒலிகளுக்கு), நடுவில் இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர். நான் வாங்கியது மொரெல். அதனால் தராசை நேராகப் பிடித்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.

கட்டுமானத்தில் இரண்டையும் குறை சொல்ல இடமில்லை. மொரெல் 1975-லும் ஃபோக்கல் 1979-லும் தொடங்கிய நிறுவனங்கள். இரண்டும் வீட்டு ஸ்பீக்கர்களிலும் பேர் வாங்கியவை. இரண்டுக்கும் தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஹெட்யூனிட் (டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) பெட்டியில் 50×4 வாட் என்று போட்டிருப்பது உச்சக் கணக்கு, தொடர்ந்து தருவது சேனலுக்கு 15, 20 வாட்தான். அதை நம்பி இந்த விலையில் ஸ்பீக்கர் வாங்குவது வீண்.

கடையில் வரிசையாகப் பலகையில் மாட்டி வைத்து, பட்டனை மாற்றி மாற்றிக் கேட்கச் சொல்வார்கள். அங்கே ஃபோக்கல் ஜெயிக்கும், சந்தேகமே வேண்டாம். அதன் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே வாட்டுக்கு எழுப்பும் சத்தம், கூடுதல். அதனால் ஒரே வால்யூமில் சத்தம் அதிகமாக வரும். ஒரு டெசிபல் கூடினாலே நம் காது அதை 'சத்தம் அதிகம்' என்று சொல்லாது, 'தெளிவு அதிகம்' என்றுதான் சொல்லும். ஆகவே பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, போனில் ஒரு சவுண்டு மீட்டர் ஆப்பை வைத்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு கேளுங்கள். கடைக்காரர் முகம் கோணினாலும் பரவாயில்லை. அளவு சமமானதும் பாதி வித்தியாசம் காணாமல் போகும். மிச்சமிருக்கும் பாதிதான் உண்மையான வித்தியாசம், அது பெரும்பாலும் ட்வீட்டரில் இருக்கிறது.

கே2-வின் ட்வீட்டர் அலுமினியம்-மக்னீசியம். மொரெலுடையது மென்மையான துணி டோம் (அதிர்ந்து ஒலி எழுப்பும் சிறு குவிமாடம்), பேச்சுவழக்கில் சில்க் டோம். 'மெட்டல்னா காதைக் கிழிக்கும்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதிதான் சரி. ஒழுங்காகச் செய்த உலோக டோம் தன்போக்கில் அதிரத் தொடங்குவது பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. அது நம் காதுக்கே எட்டாது. அப்படியானால் காரில் மட்டும் ஏன் அது உறுத்துகிறது?

கண்ணாடிதான் காரணம் என்பது என் முடிவு. ட்வீட்டர் ஏ-பில்லரில், அதாவது முன்கண்ணாடியின் பக்கத் தூணில், உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் முன்கண்ணாடி, மறுபக்கம் கதவுக் கண்ணாடி, உங்கள் வலது காது கை நீட்டும் தூரத்தில். நேராக வரும் ஒலிக்கும் கண்ணாடியில் பட்டு வரும் ஒலிக்கும் இடையே ஒரு மில்லி விநாடிகூட இல்லை. காதால் இரண்டையும் பிரிக்க முடியாது, ஒன்றாகவே வாங்கிக்கொள்ளும். சில அலைவரிசைகள் கூடிக்கொள்ளும், சில அடிபட்டுப் போகும். நம் காது மிகவும் கூர்மையாக இருக்கும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் அப்படி ஒன்று கூடிவிட்டால் தீர்ந்தது: நாதஸ்வரத்தின் மேல்ஸ்தாயி ஊசியாகும். 'ஸ', 'ஷ' வரும் இடமெல்லாம் பாடகி பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவது போலிருக்கும், அது இன்னும் கொஞ்சம் மேலே உள்ள சிக்கல். வீட்டில் இதே ஸ்பீக்கர் சுவரிலிருந்து தள்ளி நிற்கும், பிரதிபலிப்பு தாமதமாக வரும், உறுத்தாது.

உலோக டோம் இந்தப் பகுதியில் எதையும் மழுப்பாது, வந்ததை அப்படியே எறியும். கண்ணாடி அதை இன்னும் கூட்டும். கிராஸ்ஓவரில் ட்வீட்டர் லெவலைக் குறைக்க வழி உண்டு, ஆனால் அது மொத்த ட்ரெபிளையும் சேர்த்து இறக்கும். துருத்திக்கொண்டிருக்கும் ஒரு மேட்டை மட்டும் வெட்ட அதால் முடியாது. அதற்கு டிஎஸ்பி (ஒலியைப் பகுதி பகுதியாகத் திருத்தும் டிஜிட்டல் கருவி) வேண்டும், மைக் வைத்து அளந்து ட்யூன் செய்யத் தெரிந்த ஆளும் வேண்டும். சில்க் டோமின் மேல்பகுதி இயல்பிலேயே வழவழப்பு. டிஎஸ்பி இல்லாமலேயே சென்னையிலிருந்து திருச்சி வரை வால்யூமைத் தொடாமல் ஓட்ட முடிகிறது. எனக்கு முடிவெடுத்துக் கொடுத்தது இதுதான். பத்து நிமிட டெமோவில் இது தெரியவே தெரியாது, முழுதாக ஒரு மணி நேரமாவது கேட்க வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம் கிராஸ்ஓவர் புள்ளி, அதாவது மிட்பேஸ் விட்டு ட்வீட்டர் தொடங்கும் இடம். ஆறரை அங்குல மிட்பேஸ் 2 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராக மட்டுமே அடிக்கும். அது நேராக அடிப்பதோ உங்கள் முழங்காலை! மொரெல் போன்ற 28 மி.மீ. டோம்கள் கொஞ்சம் கீழிருந்தே வேலையை எடுத்துக்கொள்ளும். குரல் கதவை விட்டு எழும்பி டேஷ்போர்டுக்கு மேலே வந்து நிற்கும். ஐயாஸ்கா, எம்மா போன்ற கார் ஆடியோ போட்டிகளில் ஒலியின் நிறத்துக்கும் மேடை அமைப்புக்கும் (பாடகரும் வாத்தியங்களும் எங்கே நிற்பதாகக் கேட்கிறது என்பதற்கும்) தனித்தனியாக மதிப்பெண் போடுவது சும்மா இல்லை. ஒன்று பிரமாதமாகவும் மற்றது மோசமாகவும் இருக்கலாம்.

ஃபோக்கல் எங்கே மேல் என்றும் சொல்லிவிட வேண்டும். மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் விழும் அந்த முதல் நொடி, கடத்தின் 'டக்', கிட்டார் கம்பியின் உரசல், இதிலெல்லாம் கே2 ஒரு படி மேலேதான். மஞ்சள் அராமிட் கோன் கொண்ட அதன் மிட்பேஸும் சுறுசுறுப்பு. சின்ன ஆம்ப்ளிஃபையரில் அதிகம் பேசும். 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு வாட் வேண்டும் என்பதை நினைத்தால் இது சின்னச் சலுகை இல்லை. மொரெலுக்கு நல்ல வாட் கொடுக்காவிட்டால் தூங்கி வழியும். ஏற்கெனவே டிஎஸ்பி வைத்திருப்பவர், ராக்கும் எலெக்ட்ரானிக்கும் கேட்பவர் என்றால் என் பேச்சைக் கேட்க வேண்டாம், ஃபோக்கலுக்கே போங்கள்.

எதை வாங்கினாலும் கதவுக்கு டேம்பிங் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்கும் ஒட்டுப்படலம்) ஒட்டாமல் மாட்டாதீர்கள். சர்வீஸ் துளைகளை அடைக்காவிட்டால் கோனின் பின்னால் வரும் ஒலி முன்னால் வந்து பேஸைத் தின்றுவிடும். ஓடும் காரில் டயர் இரைச்சலும் அதே கீழ்ப்பகுதியைத்தான் மூடுகிறது. நிறுத்திய காரில் அளவாக இருந்த பேஸ் நெடுஞ்சாலையில் மெலிந்துபோவது இதனால்தான். கம்பெனி ஸ்பீக்கரைப் பத்திரமாக வையுங்கள், காரை விற்கும்போது திரும்ப மாட்டிவிட்டு இதைத் தனியாக விற்கலாம்.

ஃபோக்கலின் உச்ச வரிசையான உட்டோபியா எம்மில் பெரிலியம் ட்வீட்டர். அலுமினியத்தைவிட எடை குறைவு, விறைப்பு நான்கு மடங்குக்கு மேல். அதை ஒரே ஒரு காரில், அதுவும் டிஎஸ்பியோடு, கொஞ்ச நேரம்தான் கேட்டேன். உலோகம் என்றே தோன்றவில்லை. அது பெரிலியத்தின் குணமா, ட்யூன் செய்தவரின் கைவண்ணமா என்று அந்த நேரத்துக்குள் பிரித்துச் சொல்ல என்னால் ஆகவில்லை. வெயிலில் நிற்கும் காரில் துணி டோம் எத்தனை வருடம் தாங்கும் என்பதிலும் என் அனுபவம் போதாது. இதுவரை என்னுடையதில் மாற்றம் எதுவும் காதில் படவில்லை.