எட்டு ஸ்ட்ரிங் கிட்டார்: ஒன்பது மாதம் வாசித்த பிறகு

நண்பனின் நண்பரிடம் 32,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டில் வாங்கிய எட்டு ஸ்ட்ரிங் எலக்ட்ரிக் கிட்டார் இது. முந்தைய சொந்தக்காரர் ஹெட்ஸ்டாக்கில் இருந்த கம்பெனி பெயரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு "லுக்குக்காக" என்றார். சரி, நல்லதாகப் போயிற்று. பிராண்டைப் பற்றி எழுதும் வேலை மிச்சம். இந்த விலைக்குக் கிடைக்கும் 27 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) கிட்டார் எதை எடுத்தாலும் நான் பட்ட பாடு கிட்டத்தட்ட இதேதான் இருக்கும்.

முதல் நாள் கையில் எடுத்ததும் மனதில் பட்டது: இது கிட்டாரா, பலகையா? நெக்கின் மேல் முனையில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் நட் பக்கம் அகலத்தை அளந்து பார்த்தேன், 55 மில்லிமீட்டர். பழைய ஆறு ஸ்ட்ரிங்கில் 43. கட்டைவிரலை நெக்குக்கு மேலே எட்டிப் பார்க்க விட்டு வாசிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை மறந்துவிட வேண்டியதுதான். விரல் நெக்கின் நடுமுதுகில் உட்கார எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதுவரை மணிக்கட்டு வலி. அப்புறம் பழகிவிட்டது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையான பிரச்சினை எட்டாவது ஸ்ட்ரிங். ட்யூனிங் தடித்த பக்கத்திலிருந்து எஃப் ஷார்ப், பி, இ, ஏ, டி, ஜி, பி, இ. கடைசி ஆறும் நமக்குத் தெரிந்த கிட்டார்தான், கார்டு ஷேப் எதுவும் மாறாது. அந்த எஃப் ஷார்ப் மட்டும் 46 ஹெர்ட்ஸ் சொச்சம். பேஸ் கிட்டாரின் கடைசி இ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ் என்றால் நாம் யார் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது அதில் 65 கேஜ் ஸ்ட்ரிங் மாட்டியிருந்தது, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 65 பங்கு தடிமன். வீட்டில் ட்யூன் செய்து, ஆம்ப்பில் டிஸ்டார்ஷன் போட்டு ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துணுக்கு) வாசித்தேன். ஏதோ சரியில்லை. ட்யூனரில் பச்சை விளக்கு எரிகிறது, காதில் மட்டும் அபஸ்வரம். பக்கத்து அறையில் அம்மா. நாற்பது வருடமாக வீணை சொல்லித் தருபவர். கதவைத் திறந்து, "ஏண்டா, மீட்டின உடனே சுருதி மேல போய், அப்புறம் மெதுவா வந்து உக்காருதே, உனக்குக் கேக்கலையா?" என்றார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அவர் சொன்னது அட்சர சுத்தம். தொய்வாக இருக்கும் ஸ்ட்ரிங்கை ஓங்கி அடித்தால் அது அகலமாக ஆடும், அந்த நொடியில் இழுவிசை கூடும், சுருதி ஏறும். ஆட்டம் அடங்க அடங்க இறங்கும். நான் அளந்தபோது அடித்த கணத்தில் சுமார் 20 சென்ட் ஏறி நின்றது. ஒரு அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு! ஆறு ஸ்ட்ரிங் கிட்டாரின் 46 கேஜ் இ ஸ்ட்ரிங்கில் 17 பவுண்டுக்கு மேல் இழுவிசை இருக்கும். இந்த 65 கேஜில் எஃப் ஷார்ப்புக்குக் கிடைப்பது 12 பவுண்டுதான். துணி காயப்போடும் கொடி மாதிரி.

அதனால் 74 வாங்கினேன். தனி ஸ்ட்ரிங்காக உள்ளூரில் கிடைக்கவில்லை, ஆன்லைனில் வரவழைத்தேன். இழுவிசை சுமார் 16 பவுண்டு ஆகிவிடும், கணக்கு சரி. மாட்டுவதில்தான் வேடிக்கை. நட்டில் உள்ள பள்ளம் 65-க்கு வெட்டியது, 74 அதில் இறங்காமல் மேலேயே உட்கார்ந்துகொண்டது. முதல் ஃப்ரெட்டில் (வீணையில் மெட்டு மாதிரி) எதை அழுத்தினாலும் சுருதி ஏறியது. ஊரில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, துடைத்துப் பளபளவென்று திருப்பித் தந்தார்கள், நட்டைத் தொடவே இல்லை. கடைசியில் நானே ஊசி அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். ஒரு இழுப்பு, மாட்டிப் பார், கழற்று, இன்னொரு இழுப்பு. அவசரப்பட்டு ஆழம் போய்விட்டால் புது நட்தான்.

இன்டோனேஷனும், அதாவது நெக்கில் எங்கே அழுத்தினாலும் சுருதி சரியாக இருப்பதும், படுத்தியது. தடித்த ஸ்ட்ரிங்குக்கு சாடில் (கீழ் முனையில் ஸ்ட்ரிங் உட்காரும் சின்னத் துண்டு) பின்னால் போக வேண்டும், இதில் கடைசி வரை தள்ளியும் போதவில்லை. சாடில் ஸ்க்ரூவில் இருக்கும் சின்ன ஸ்ப்ரிங்கைக் கழற்றினால் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. அதில் சரியாகிவிட்டது.

இப்போது அடித்தால் ஏறுவது எட்டு சென்ட்டுக்குள். மிச்சத்துக்கும் அம்மாவே வழி சொன்னார்: மெதுவாக மீட்டிவிட்டுக் காத்திருந்து சுருதி சேர்க்காதே, எந்த வேகத்தில் வாசிக்கப் போகிறாயோ அந்த வேகத்திலேயே மீட்டிச் சேர். ரிஃப்பில் ஸ்ட்ரிங்கை யாரும் அடங்கும்வரை விட்டுவைப்பதில்லை அல்லவா, அதனால் அது சரியாக உட்காருகிறது. கிளிப் ட்யூனர் 46 ஹெர்ட்ஸைப் பிடிக்காமல் திணறினால் 12-ஆவது ஃப்ரெட் ஹார்மோனிக்கை (ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஒலி) வைத்து முதலில் கிட்டத்தில் கொண்டுவந்துவிடுங்கள்.

இன்னும் இறக்கி இ வரை போகலாமே என்பார்கள். போனேன். 74 கேஜிலும் 13 பவுண்டுக்கு இறங்கிவிட்டது, பழைய கொடிக் கதை திரும்பி வந்தது. பேண்டில் பேஸ் வாசிக்கும் தம்பியும் "அண்ணே, அப்ப நான் என்ன வாசிக்கிறது?" என்று கேட்டுவிட்டான். இப்போது எஃப் ஷார்ப்போடு நிறுத்தி, ஆம்ப்பில் பேஸைப் பாதிக்குக் கீழே குறைத்து, கெயினையும் குறைத்து வைத்திருக்கிறேன். வீட்டில் தனியாகக் கேட்டால் சத்தம் ஒல்லியாக இருக்கும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்தால்தான் சதை பிடிக்கும். எட்டாவது ஸ்ட்ரிங்கில் கார்டு பிடிக்க ஆசைப்படாதீர்கள், சேறுதான் வரும். ஒற்றை ஸ்வரம், இல்லாவிட்டால் ஆக்டேவ். மேல் ஸ்ட்ரிங்குகளில் லீட் வாசிக்கும்போது தடித்தவை தாமாக முனகும், அதற்கு மகளின் ஹேர் பேண்ட் ஒன்றை முதல் ஃப்ரெட் அருகே சுற்றியிருக்கிறேன்.

வாங்கலாமா? ஏழு ஸ்ட்ரிங் வாசித்துப் பழகி, அதுவும் போதாமல் இருப்பவர்கள் வாங்கலாம். மற்றவர்கள் ஏழிலேயே தொடங்குங்கள். ஏழு என்றாலே மெட்டல் இசை என்று நினைக்க வேண்டாம், ஜார்ஜ் வான் எப்ஸ் 1930-களிலேயே கூடுதலாக ஒரு ஏ ஸ்ட்ரிங் சேர்த்து ஜாஸ் வாசித்தவர். எட்டுதான் வேண்டும் என்றால் கிட்டார் விலையோடு ஸ்ட்ரிங்குக்கும் நட் வேலைக்கும் இன்னொரு 3,000 ஒதுக்கி வையுங்கள். 28 அங்குல ஸ்கேல் கிடைத்தால் விடாதீர்கள், அந்த ஓர் அங்குலத்துக்கு இழுவிசை ஏழு சதவீதத்துக்கு மேல் கூடும்.

கழற்றிய 65 கேஜ் ஸ்ட்ரிங் டப்பாவில் சுருண்டு கிடக்கிறது. ஏழு ஸ்ட்ரிங்கில் கடைசியை ஏ-வுக்கு இறக்கி வாசிப்பவர்களுக்கு அது கச்சிதமாக இருக்கும். கேட்டால் தருகிறேன், காசு வேண்டாம்.