பார்த்துக்கொள்ள வந்தவர் கிளம்ப மறுத்தால்: பூட்டா, போலிசா, பேச்சா?

சிங்கப்பூர் ஈசூனில் சித்தப்பாவின் கருமாதி முடிந்து இரண்டு மாதம். நான்கு வருடம் கூடவே தங்கி அவரைப் பார்த்துக்கொண்டவர், நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், இன்னும் அறையைக் காலி செய்யவில்லை. அவருடைய ரைஸ் குக்கர் அடுப்படியில் தனியாக ஓடுகிறது.

வேலை அனுமதிச் சீட்டில் வந்த பணிப்பெண் என்றால் வழி நேரானது. சம்பள பாக்கியைத் தீர்த்து, அனுமதியை ரத்து செய்து, டிக்கெட் எடுத்து அனுப்பிவைப்பது முதலாளியின் கடமை. மலேசியர் அல்லாதவருக்குக் கட்டிய 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணை அதற்காகத்தான். எங்கள் அக்காவோ சிங்கப்பூர்க்காரர். வாடகையும் கொடுத்ததில்லை, ஒப்பந்தமும் கிடையாது. சித்தப்பாவின் சம்மதத்தில் தங்கியவர். சம்மதத்தை விலக்கி நியாயமான அவகாசம் கொடுத்தால் தங்கும் உரிமை போய்விடும்.

யார் விலக்குவது? இங்கேதான் இடித்தது. உயில் இல்லாததால், சொத்தை நிர்வகிக்க நீதிமன்ற ஆணை வரும்வரை சித்தப்பா மகனான தம்பியின் பேச்சுக்குச் சட்டத்தில் எடையில்லை. அதற்கு முதலில் மனுப் போட்டான்.

ஆணை வருவதற்குள் அவன் யோசித்தது பூட்டு. அக்கா மார்க்கெட் போன நேரத்தில் மாற்றிவிட்டு, பையை லிஃப்ட் வாசலில் வைப்பதாம். செலவில்லாத வழிதான். பையில் ஒரு வளையல் குறைந்தாலோ தள்ளுமுள்ளு நடந்தாலோ புகார் நம் பேரில்தான் எழும். போலிஸ், அடிதடி மிரட்டல் என்றால் வரும். யாருக்கு வீட்டில் உரிமை என்று வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லாது. சிறு கோரிக்கை நடுவர் மன்றம் பொதுவாக 20,000 வெள்ளி வரையிலான பண விவகாரத்துக்கு. காலி செய்யச் சொல்லாது.

உரிமையியல் வழக்குதான் உறுதியான வழி. ஜெயித்தால் நீதிமன்ற அதிகாரியே வந்து வீட்டை மீட்டுத் தருவார். ஆனால் வக்கீல் கட்டணம் கைச்செலவு, காலமும் இழுக்கும். 'நீ உயிரோடு இருக்கும்வரை இங்கேயே இருன்னு ஐயா சொன்னாரு' என்று அக்கா சொன்னால், அதை நம்பி வேறு வேலையை விட்டிருந்தால், நீதிமன்றம் காது கொடுத்துக் கேட்கும். எங்கள் அக்கா அதைத்தான் சொல்கிறார். பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் என் ஓட்டு சட்ட அமைச்சின் கீழ் 1998 முதல் இயங்கும், இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைக்கும் சமூக சமரச நிலையத்துக்கு. வரமாட்டேன் என்றால் இழுத்துவர முடியாது, அது குறைதான். ஆனால் பெரியவரைத் தூக்கி உட்காரவைத்தே இடுப்பு விட்டுப்போன மனுஷியிடம் வக்கீல் நோட்டீஸை முதலில் நீட்டினால் பேச்சு அன்றோடு முடிந்துவிடும். வேறு இடம் பார்க்க அக்காவுக்கு நாங்கள் தரும் மூன்று மாத வாடகைக்கான தொகை, காலி செய்யும் தேதி, சாமான் பட்டியல்: மூன்றையும் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும். தேதி தவறினால் நோட்டீஸ், பிறகு வழக்கு.

தம்பி தொகையைக் குறைக்கப் பார்க்கிறான். பட்டியலில் முதலில் எழுதியிருப்பது ரைஸ் குக்கர்.