உச்சிப்புளி நர்சரி: சப்போட்டாவுக்குப் போகலாம், புல்தரைக்கு வேண்டாம்

உச்சிப்புளியிலிருந்து மண்டபம் போகும் வழியில், பனைகளுக்கு நடுவே இருக்கிற நர்சரி இது. பலகை சின்னது, கவனிக்காவிட்டால் தாண்டிவிடுவீர்கள்.

இங்கே வாங்க வேண்டியது சப்போட்டா. பாலைக் கன்றில் ஒட்டுக் கட்டித் தருகிறார்கள். வறண்ட கரைப்பக்கத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே நிற்கிற மரம் பாலை, அதன் வேரில் சப்போட்டா ஏறுகிறது. நான் எடுத்தது பெரியகுளம் 1 என்ற சப்போட்டா ரகம். நாடா அவிழ்த்த தடம் தெரிந்தது, இரண்டு தண்டும் இடைவெளி இல்லாமல் கூடியிருந்தன. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்குள் போகக் கூடாது என்று உரிமையாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். கத்தியை வேலையாளிடம் கொடுப்பதில்லை, அவரேதான் கட்டுகிறார்.

தோட்ட வரலாறு படிக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், நிலத்தைக் குத்தகைக்கு விட்டு உட்கார்ந்து சாப்பிட்ட கிராமத்துப் பண்ணையார்கள்கூட ஒட்டுக் கட்டுவதைக் கௌரவமான வேலையாக நினைத்துத் தாங்களே செய்தார்கள். மரம் குட்டையாக நிற்க, ஆப்பிளைப் பாரடைஸ் என்ற வேர்ச்செடியில் கட்டுவார்கள். நம் ஆளும் அந்த ஜாதிதான்.

வேலிக்கு ஊன்றுகிற கிளுவைக் கிளை, அதாவது போத்தும் கிடைக்கிறது, வாங்குங்கள். ஜான் ஈவ்லின் என்ற கனவான் லண்டன் பக்கத்து டெட்ஃபோர்டில் 400 அடி நீளத்துக்கு ஹாலி என்ற முள்ளிலைச் செடியில் வேலி வளர்த்துப் பெருமையடித்தார். 1698இல் அந்த வீட்டில் தங்கிய ரஷ்ய மன்னர் பீட்டர், தள்ளுவண்டியில் உட்கார்ந்து அதற்குள்ளேயே ஓட்டச் சொன்னாராம். எங்கள் தெருவில் அந்த வேலையை வெள்ளாடுகள் பார்க்கின்றன. கிளுவையை நெருக்கி ஊன்றினால்தான் தாங்கும்.

குறை என்றால் புல்தரைதான். முன்பக்கம் பூராவும் கொரியன் புல்லை விரித்து வைத்து, சப்போட்டா கேட்டு வந்தவரிடமும் அதைத் தள்ளப் பார்க்கிறார்கள். புல்வெட்டும் இயந்திரத்துக்கு எட்வின் பட்டிங் காப்புரிமை வாங்கியதே 1830இல்தான். அதற்கு முன்னால் அரிவாளோடு ஆள் வைத்துச் சீவ வேண்டும். விளைச்சல் இல்லாத நிலத்துக்கு இத்தனை கூலி கொடுக்க என்னால் முடியும் என்று காட்டத்தான் பண்ணையார் புல் வளர்த்தார். இங்கிலாந்தில் மழையாவது வருஷம் முழுக்கத் தூறும். நமக்கு ஐப்பசி கார்த்திகையை விட்டால் போர் தண்ணீர்தான், அதுவும் உப்பு. பக்கத்து வீட்டில் விரித்தது சித்திரைக்குள் கருகிவிட்டது.

கன்று 180 ரூபாய், பேரம் கிடையாது. காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் உரிமையாளர் இருப்பதில்லை. இருக்கிற பையன் புல்லைத்தான் காட்டுவான்.