பெரிய விலங்கு வேட்டைக்குக் கழற்றி மாட்டும் ரைஃபிள்: பிளேசர் ஆர்8 ஒரு மதிப்பீடு

உரிமம் பெற்றுப் பெரிய விலங்கு வேட்டைக்காகத் தொலைதூரம் பயணம் செய்கிறவர்கள், இரண்டாகக் கழற்றிச் சிறு பெட்டிக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய ரைஃபிளை விரும்புவது இயல்பே. முழு நீள ரைஃபிளுக்கான பெட்டி ஓர் ஆள் உயரத்தில் முக்கால் பங்கு இருக்கும். வண்டியில் ஏற்றுவதும் சிறு விமானத்தில் இடம் கேட்பதும் எளிதல்ல. ஆனால் பெட்டியின் நீளத்தை மட்டும் பார்த்து இத்தகைய ரைஃபிளை வாங்கக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் முதலில் வாங்கியது, குழலைக் கால் சுற்றுச் சுற்றினால் கழன்றுவிடும் மரை அமைப்புள்ள ஒரு பழைய ரைஃபிள். குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப், அதன் ரிசீவரின் மேல், அதாவது குழலின் பின்முனை பொருந்தும் உலோக உடலின் மேல், இருந்தது. வீட்டில் சரிபார்த்து எடுத்துச் சென்ற அந்த ரைஃபிளை முகாமில் மாட்டி, முதல் நாள் மாலை இலக்கு அட்டையில் சுட்டபோது, குண்டு நான் குறி வைத்த இடத்திலிருந்து ஒரு சாண் இடப்பக்கம் விலகி விழுந்தது. மறுபடியும் கழற்றி மாட்டிச் சுட்டேன். இம்முறை அது வேறோர் இடத்தில் விழுந்தது. மரை தேய்ந்திருந்ததால் குழல் ஒவ்வொரு முறையும் சற்று வேறு நிலையில் போய் நின்றதுதான் காரணம். அட்டையில் ஒரு சாண் என்பது விலங்கின் உடலில் இதயத்துக்கும் குடலுக்கும் உள்ள தூரம். காயத்தோடு ஓடி, எங்கோ புதருக்குள் பல மணி நேரம் துடித்துச் சாகும் ஒரு விலங்கை நினைத்துப் பார்த்தபின், அந்த ரைஃபிளை நான் வேட்டைக்கு எடுக்கவே இல்லை.

அதன் பிறகு இத்தகைய எந்த ரைஃபிளைக் கையில் எடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, குறி பார்க்கும் கருவி எதன்மேல் அமர்ந்திருக்கிறது என்பதே. ஸ்கோப் ரிசீவரின் மேலும் குழல் தனியாகவும் இருந்தால், ஒவ்வொரு முறை மாட்டும்போதும் அந்த இரண்டும் மயிரிழை பிசகாமல் பழைய நிலைக்கு வந்தாக வேண்டும். ஸ்கோப் குழலின் மேலேயே இருந்தால், ரைஃபிளைக் கழற்றினாலும் அந்த இரண்டும் பிரிவதில்லை. பிளேசர் ஆர்8 ரைஃபிளை நான் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம் இதுதான்.

ஜெர்மானிய நிறுவனமான பிளேசர், 1993-இல் வெளியிட்ட ஆர்93 ரைஃபிளுக்கு அடுத்ததாக 2008-இல் ஆர்8-ஐ அறிமுகம் செய்தது. தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டை இதில் சுழற்ற வேண்டியதில்லை. நேராகப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் போதும். தள்ளும்போது போல்ட்டின் தலையைச் சுற்றியுள்ள 13 இதழ்கள் விரிந்து, குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்ட பள்ளத்தில் பிடித்துக்கொள்கின்றன. பூட்டு குழலுக்குள்ளேயே விழுவதால், வெடிப்பின் அழுத்தத்தை ரிசீவர் தாங்க வேண்டியதில்லை. தோட்டாவின் அடிப்பகுதிக்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளியும், எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் மாறுவதில்லை. பழைய மரை ரைஃபிள்களில் தேய்மானம் முதலில் கெடுப்பது இந்த இடைவெளியைத்தான்.

தோளில் வைக்கும் கட்டையோடு குழலைப் பிணைப்பவை அடியிலிருந்து முறுக்கப்படும் இரண்டு திருகுகள். 'டி' வடிவக் கைப்பிடியுள்ள அறுகோணச் சாவியால் அவற்றைத் தளர்த்தினால், குழலும் அதன்மேல் உள்ள ஸ்கோப்பும் ஒன்றாகக் கையோடு வந்துவிடும். விரும்பினால் ஸ்கோப்பையும் அதன் தாங்கியோடு தனியே கழற்றலாம். தாங்கி குழலின் மேல் வெட்டப்பட்ட சிறு பள்ளங்களில் அமர்வதால், மீண்டும் வைக்கும்போது தடுமாற்றம் இல்லை.

நான் செய்த சோதனையைச் சொல்கிறேன். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் என்ற தோட்டாவுக்கான குழலோடு, 100 மீட்டர் தூரத்தில், மூன்று தோட்டாக்களைச் சுட்டேன். பின் ரைஃபிளைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, குழல் ஆறும்வரை காத்திருந்து, மீண்டும் மாட்டி மூன்று தோட்டாக்களைச் சுட்டேன். இப்படி ஐந்து முறை செய்தபோது விழுந்த 15 குண்டுகளும் என் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய வட்டத்துக்குள் இருந்தன. ஒவ்வொரு சுற்றின் முதல் குண்டையும் பேனாவால் தனியே குறித்துவைத்தேன். வேட்டையில் கணக்கில் வருவது குளிர்ந்த குழலிலிருந்து செல்லும் அந்த முதல் குண்டுதான். நான்காவது சுற்றில் மட்டும் அது சற்று உயரே போயிற்று. கழற்றிப் பார்த்தால், குழலும் கட்டையும் பொருந்தும் பரப்பில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தது. உலர்ந்த துணியால் துடைத்து மாட்டியதும் குறி பழைய இடத்துக்கே வந்தது. அன்றிலிருந்து பெட்டியில் ஒரு சுத்தமான பருத்தித் துணி நிரந்தரமாக இருக்கிறது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவு. தோட்டா அறைக்குள் இருந்தாலும் சுடும் ஊசியின் ஸ்பிரிங் இறுக்கப்படாத நிலையிலேயே நடக்கலாம். சுடும் தருணத்தில் மட்டும் பின்புறமுள்ள பொத்தானைக் கட்டைவிரலால் முன்னே தள்ளினால் போதும். தோட்டாக்களை வைக்கும் மாகசினும் சுடும் விசையான ட்ரிகரும் ஒரே தொகுதி என்பதால், அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் ரைஃபிளைச் சுடவே முடியாது. இதற்கு மறுபக்கமும் உண்டு: அந்தத் தொகுதியைத் தொலைத்தாலோ, அதற்குள் சேறு புகுந்தாலோ, மாகசினோடு ட்ரிகரும் போய்விடும். அதனால் அது தற்செயலாகக் கழன்றுவிடாமல் தடுக்கும் பூட்டைப் போட்ட பிறகே புதருக்குள் நுழைகிறேன்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நேரே இழுக்கும் போல்ட்டின் வேகத்தை நான் விரும்புகிறேன். ஆனால் சுட்ட தோட்டாவின் உறை அறையில் இறுகிக்கொண்டால், சுழற்றும் போல்ட்டில் முதல் திருப்பிலேயே கிடைக்கும் நெம்பு விசை இதில் கிடைப்பதில்லை. கடும் வெயிலில் கிடந்த தோட்டாக்களில் அழுத்தம் உயர்ந்து உறை இறுகும் வாய்ப்பு கூடுகிறது. எனவே கைப்பட நிரப்பும் தோட்டாக்களில் வெடிமருந்தை எல்லைவரை கூட்டுகிறவர்களுக்கு நான் இந்த ரைஃபிளைப் பரிந்துரைக்க மாட்டேன். விலையும் அதிகம்; இரண்டாவது குழலும் அதற்கொரு ஸ்கோப்பும் வாங்கினால் செலவு வேறொரு நல்ல ரைஃபிளின் விலையைத் தொட்டுவிடும். சாவி இல்லாமல் கழற்றவும் முடியாது; நான் இரண்டு சாவிகள் வைத்திருக்கிறேன்.

கருவியே வேண்டாம் என்பவர்களுக்கு மெர்கல் ஹீலிக்ஸ் இருக்கிறது. கைகளாலேயே ஒரு நிமிடத்துக்குள் பிரிந்துவிடும், செய்நேர்த்தியும் உயர்ந்தது. ஆனால் அதில் ஸ்கோப் அமர்வது ரிசீவரின் மேல். நெம்புகோல் ரைஃபிளுக்குப் பழகியவர்கள் பிரௌனிங் பி.எல்.ஆர். டேக்டவுனைப் பார்க்கலாம், அது ரிசீவருக்கு முன்னால் பிரிகிறது என்பதால், ஸ்கோப்பைக் குழலின் மேல் முன்தள்ளி வைக்கும் தாங்கியைச் சேர்த்து வாங்குவதே நல்லது. இரட்டைக் குழல் ரைஃபிள் என்பது வேறு உலகம். அது எந்தக் கருவியுமின்றிக் கட்டை, குழல், முன்பிடி என மூன்றாகப் பிரியும். குறிமுள் குழலின் மேலேயே இருப்பதால் மாட்டிய கையோடு நம்பலாம். ஆனால் அதன் இரு குழல்களும் குறிப்பிட்ட ஒரு தோட்டாவுக்கென்றே ஒன்றுசேரும்படி இணைக்கப்பட்டவை. தோட்டாவை மாற்றினால் இரண்டு குண்டுகளும் இரண்டு இடங்களில் விழும்.

தோட்டாவின் அளவான காலிபரைப் பற்றி நீண்ட யோசனை தேவையில்லை. 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், 300 கிரெயின் (சுமார் 19 கிராம்) எடையுள்ள குண்டை நொடிக்குச் சுமார் 760 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. மூஸ் மான், எலாண்ட் மான், பழுப்புக் கரடி, ஆப்பிரிக்கக் காட்டெருமை ஆகிய அனைத்துக்கும் அது போதும். ஆபத்தான விலங்குகளுக்கு அதையே குறைந்தபட்ச அளவாகச் சட்டம் வகுத்த நாடுகளும் உண்டு. அதன் உதை .30-06 என்ற வேட்டைத் தோட்டாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதைத் தாங்கக் கழற்றும் ரைஃபிள் மிக இலேசாக இருக்கக் கூடாது. ஸ்கோப்போடு நான்கு கிலோவுக்கு மேல் இருப்பதே தோளுக்கு நல்லது. .375 தோட்டாவின் அடிவிட்டமும் .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவின் அடிவிட்டமும் ஒன்றே. ஆகவே ஆர்8-இல் இந்த இரண்டு குழல்களையும் வைத்துக்கொள்கிறவர் போல்ட்டின் தலையை மாற்ற வேண்டியதில்லை. .416 ரிக்பி போன்ற தடித்த தோட்டாவுக்குப் போனால் தலையும் வேறு வேண்டும்.

விமானத்தில் ஒருவர் கொண்டு செல்லக்கூடிய தோட்டாக்களின் எடை பொதுவாக 5 கிலோ. அந்த எல்லைக்குள், முகாமில் குறியைச் சரிபார்க்க ஒன்பது தோட்டாக்களை நான் எப்போதும் தனியே ஒதுக்கிவிடுகிறேன். இரண்டு குழல்களோடு செல்கிறவர்கள் இந்த ஒதுக்கீட்டை இருமடங்காக்கிக்கொள்ள வேண்டும். ஐந்து கிலோவில் அதற்கு இடமில்லையென்றால், ஒரே குழலோடு போவதே சரி.