குட்டிக் கள்ளிச்செடி குரோஷே கிட்: நூல் தாராளம், பஞ்சு கஞ்சம்

உள்ளங்கையில் உட்காருகிற ஒரு கள்ளிச்செடி பொம்மை, கொக்கி ஊசியால் (குரோஷே) நூலில் நாமே பின்ன வேண்டியது. கீழே செம்மண் நிறத் தொட்டி, அதற்குள் கரும்பழுப்பு மண், மேலே வரிவரியாகப் பச்சைத் தண்டு, உச்சியில் ஒரு ரோஸ் பூ. முழு உயரம் 11 அல்லது 12 செ.மீ. தேவையான எல்லாம் உள்ளேயே இருக்கிறது, முதன்முதலாக ஊசி பிடிப்பவரும் பின்னலாம் என்று பெட்டியின்மேல் அச்சடித்திருக்கிறார்கள். இரண்டுமே அரை உண்மைதான். ஆனால் பொம்மையின் வடிவமைப்பு நன்றாக யோசித்துச் செய்தது. குறிப்புத்தாளைப் பல இடங்களில் திருத்தி, வேறோர் ஊசியும் கொஞ்சம் பஞ்சும் சேர்த்துக்கொண்டால், பெட்டிப் படத்தில் இருப்பதைவிட லட்சணமான கள்ளி கிடைக்கும்.

பெட்டிக்குள் இருப்பவை: பச்சை நூலும் செம்மண் நிற நூலும் தலா 25 கிராம், கரும்பழுப்பு 10 கிராம், ரோஸிலும் வெள்ளையிலும் சின்னச் சிட்டம் ஒவ்வொன்று. எல்லாமே டி.கே. கனத்து (நடுத்தரத்தைவிடச் சற்று மெல்லிய) அக்ரிலிக். 3.5 மி.மீ. கொக்கி ஊசி, பிளாஸ்டிக் தையல் ஊசி, நான்கு ஸ்டிச் மார்க்கர், 6 மி.மீ. சேஃப்டி கண் ஒரு ஜோடி, 10 கிராம் பஞ்சு, நான்கு பக்கக் குறிப்புத்தாள், வீடியோவுக்கு ஒரு கியூஆர் கோடு.

நூலில் குறை சொல்ல முடியாது. தண்டுக்கு 384 ஸ்டிச், தொட்டிக்கு 540 ஸ்டிச், அவ்வளவுதான் வேலை. பச்சையிலும் செம்மண்ணிலும் பாதிகூடத் தீராது, இன்னொரு கள்ளியே பின்னிவிடலாம். பஞ்சுதான் ஒரு கள்ளிக்கே எட்டவில்லை. தண்டையும் தொட்டியையும் கெட்டியாக அடைக்க 15 கிராமாவது வேண்டும். 10 கிராமை இரண்டுக்கும் பங்கு வைத்தால் தண்டு இடுப்பொடிந்து ஒரு பக்கமாகச் சாய்கிறது.

பெட்டியில் இருக்கிற பெரிய பிழை ஊசி. டி.கே. நூலில் ஸ்வெட்டரோ சால்வையோ பின்ன வழக்கமாக 4 மி.மீ. ஊசி சொல்வார்கள். துணி குழைந்து விழ வேண்டும் என்பதால் அந்த அளவு. பஞ்சு அடைக்கிற பொம்மைக்குக் குழைவு ஆகாது. ஊசி ஒரு மி.மீ.யாவது சிறுக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டிச்சுக்கு ஸ்டிச் இடைவெளி விழுந்து வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும். கரும்பச்சைக்குள் வெள்ளை தெரிந்தால் தூரத்தில் இருந்தே கண்ணில் குத்தும். இந்த 3.5 மி.மீ. ஊசி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அளவு. தொட்டிக்கு 2.5, தண்டுக்கு 3 மி.மீ. என்று மாற்றிக்கொள்ளுங்கள். தண்டுக்கும் 2.5 எடுத்தால் என்ன என்று தோன்றும். தண்டு முழுக்கப் பின் கண்ணியில் (ஸ்டிச்சின் தலையிலுள்ள இரண்டு கண்ணியில் நமக்கு அப்பால் இருப்பது) மட்டும் ஊசி நுழைய வேண்டும், அவ்வளவு இறுக்கத்தில் கண்ணி வாய் திறக்காது, நூல்தான் பிரியும். இந்த அக்ரிலிக் முறுக்குக் குறைந்த ரகம் என்பதால் பிரிவதற்குச் சாக்கே தேவையில்லை.

குறிப்புத்தாள் தொட்டியில் ஆரம்பிக்கிறது. அதை அப்படியே பின்பற்றாதீர்கள். தொட்டிக்கு மேஜிக் ரிங் (இழுத்தால் சுருங்கும் தொடக்க வளையம்), கூட்டல் (ஒரே ஸ்டிச்சில் இரண்டு போடுவது), சுற்றுக் கணக்கு எல்லாம் ஒரே மூச்சில் தெரிந்திருக்க வேண்டும். தண்டுக்கோ செயினும் (சங்கிலிப் பின்னல்) சிங்கிள் குரோஷேயும் (அடிப்படைக் குட்டை ஸ்டிச்) போதும், ஏனென்றால் தண்டு உண்மையில் ஒரு செவ்வகத் துண்டு. அதைச் சுருட்டித் தைத்தால் கள்ளி. இந்த வடிவமைப்பின் சாமர்த்தியமே இதுதான். கை பழகுவதற்கும் நல்ல இடம்.

17 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி 16 சிங்கிள் குரோஷே. ஒரு செயின் போட்டுத் திருப்பி, அடுத்த வரிசை பின் கண்ணியில் மட்டும் 16. இப்படி 24 வரிசை. திருப்பும்போது போடுகிற ஒற்றைச் செயின் கணக்கில் சேராது. முதல் ஸ்டிச்சை விட்டுவிட்டு அடுத்ததில் ஊசியை விடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. அப்படி விட்டால் வரிசைக்கு ஒரு ஸ்டிச் குறைந்து துண்டு போகப் போகக் குறுகிவிடும். வரிசைக்கு வரிசை 16 எண்ணுங்கள். ஓரத்து இரண்டு ஸ்டிச்சை மட்டும் இரண்டு கண்ணியையும் சேர்த்துப் பிடித்துப் போட்டால் விளிம்பு நேராக நிற்கும், பின்னால் தைக்கவும் லகுவாக இருக்கும். தாளில் இது இல்லை.

வரிசை எண்ணிக்கை இரட்டைப்படையில்தான் முடிய வேண்டும். பின் கண்ணியில் போடும்போது விடுபட்ட முன் கண்ணி ஒரு வரிசையில் இந்தப் பக்கமும் அடுத்த வரிசையில் அந்தப் பக்கமும் கோடாக விழுகிறது. அதனால்தான் மேடும் பள்ளமும் மாறி மாறி வருகின்றன. 24 வரிசைக்குச் சரியாக 12 மேடு. 23-லோ 25-லோ நிறுத்தினால் தைக்கிற இடத்தில் வரிசை முறை தவறி, முதுகில் தழும்பு மாதிரி தெரியும். அகலம் போதவில்லை என்று தோன்றினாலும் 26, இல்லையென்றால் 28.

தைக்கும்போது கடைசி வரிசையையும் ஆரம்பச் செயினையும் இரண்டு கண்ணியாகப் பிடித்துச் சுற்றித் தைக்கச் சொல்கிறது தாள். அங்கே கயிறு வைத்துத் தைத்தது போலத் தடிமனாகிறது. கடைசி வரிசையில் பின் கண்ணி மட்டும், செயினில் மிச்சமிருக்கிற ஒற்றைக் கண்ணி மட்டும் எடுத்துத் தைத்தால் தையல் இன்னொரு பள்ளமாக மறைந்துவிடும். பிளாஸ்டிக் ஊசியின் காது பருமனாக இருப்பதால் இறுக்கமான பின்னலில் சிக்குகிறது. முனை மழுங்கிய உலோக ஊசி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால், துண்டு தட்டையாக இருக்கும்போதே முள் வேலையை முடித்துவிட வேண்டும். வெள்ளை நூலை அப்படியே கோத்தால் முள் பட்டாணி மாதிரி உருண்டு நிற்கிறது. இழையைப் பிரித்து இரண்டு புரி மட்டும் ஊசியில் கோத்து, மேட்டின்மேல் சின்னச் சின்ன வி வடிவமாகக் குத்துங்கள். ஒரு மேட்டில் நான்கு போதும், பக்கத்து மேட்டில் அரை இடம் தள்ளித் தொடங்க வேண்டும். சரிநேராக வைத்தால் சட்டைப் பொத்தான் வரிசை போல இருக்கும்.

கண் விஷயத்தில் தாள் செய்திருப்பது சாதாரணப் பிழையில்லை. பஞ்சு அடைத்து மூடிய பிறகு கண் வைக்கச் சொல்கிறது. சேஃப்டி கண்ணுக்கு உட்பக்கமிருந்து வளையத்தை அழுத்த வேண்டும், மூடிய பொம்மைக்குள் விரல் எப்படிப் போகும்? பக்கத் தையல் முடிந்து, உச்சியைச் சுருக்குவதற்கு முன் வையுங்கள். கீழ் விளிம்பிலிருந்து ஏழாவது ஸ்டிச் உயரத்தில், நடுவில் மூன்று மேடு விட்டு. வளையம் ஒருமுறை ஏறிவிட்டால் கழற்ற வராது, அதனால் முதலில் கண்ணை வெறுமனே செருகிப் பார்த்து இடம் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை கையில் போகிற பொம்மை என்றால் பிளாஸ்டிக் கண் வேண்டாம், கறுப்பு நூலில் தைத்துவிடுங்கள். பெட்டியில் இந்த எச்சரிக்கை பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

உச்சியைச் சுருக்க 24 வரிசை முனையிலும் நூல் ஓட்டினால் துளை மூடாது, இவ்வளவு துணி ஒரு புள்ளியில் கூட இடமில்லை. ஒன்று விட்டு ஒன்றாக 12 முனையில் மட்டும் நூல் ஓட்டி, இழுத்து முடிச்சிடுங்கள். ஒற்றை இழை இழுக்கிற வேகத்தில் அறுந்துவிடும், இரட்டையாகக் கோத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி: மேஜிக் ரிங்கில் 6 சிங்கிள், பிறகு சுற்றுக்குச் சுற்று 12, 18, 24, 30, 36. ஏழாவது சுற்று பின் கண்ணியில் மட்டும் 36, அதுதான் அடிப்பாகத்தின் மடிப்பு. அப்புறம் 14-ஆம் சுற்று வரை கூட்டல் இல்லாமல் நேராக. கூட்டலை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கோட்டில் வைக்கிறது தாள், அதனால் வட்டம் அறுகோணமாகிறது. நான்காம் சுற்றை ‘2 சிங்கிள், 1 கூட்டல்’ என்பதற்குப் பதில் ‘1 சிங்கிள், 1 கூட்டல், 1 சிங்கிள்’ என்று போடுங்கள். ஆறாம் சுற்றில் ‘2, கூட்டல், 2’. எண்ணிக்கை அதேதான், மூலை மட்டும் மறைந்துவிடும்.

மேஜிக் ரிங் வசப்படவில்லை என்றால் இரண்டு செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினிலேயே 6 சிங்கிள் போடலாம். நடுவில் கடுகளவு துளை நிற்கும், தொட்டியின் அடியில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? ரிங்தான் வேண்டும் என்பவர்கள் வால் நூலை 15 செ.மீ. விட்டு, உள்ளே சுற்றித் தைத்து முடிக்க வேண்டும். குட்டையாக வெட்டினால் பஞ்சின் அழுத்தத்தில் ரிங் மெல்ல வாய் பிளக்கும்.

ஒவ்வொரு சுற்றையும் ஸ்லிப் ஸ்டிச்சால் (உயரமில்லாத இணைப்பு ஸ்டிச்) மூடி ஒரு செயின் ஏறச் சொல்கிறார்கள். தொட்டியின் பக்கவாட்டில் சாய்வாக ஒரு கோடு ஓடுவது அதனால்தான். தெரியாமல் அந்த ஸ்லிப் ஸ்டிச்சுக்குள்ளும் ஒன்று போட்டுவிட்டால் 36 என்பது 37 ஆகும், அடுத்த சுற்றில் 38. மூடாமல் சுருளாகவே போங்கள், முதல் ஸ்டிச்சில் மார்க்கர் மாட்டினால் கணக்கு தவறாது. வீடியோவைப் பார்த்துப் பின்னுகிறவர்களுக்கு இன்னொன்று: அதில் நூலை ஊசிக்கு அடியிலிருந்து கொக்கியில் பிடித்து இழுக்கிறார்கள், ஸ்டிச் எக்ஸ் வடிவில் இறுக்கமாக விழுகிறது. தாளில் இருக்கிற படங்கள் வி வடிவம், அதாவது நூல் ஊசிக்கு மேலே. இரண்டும் சரி. ஆனால் பாதித் தொட்டி ஒன்றிலும் மீதி இன்னொன்றிலும் பின்னினால் நடுவில் இடுப்பு பிடித்தது போலாகும்.

தொட்டியின் விளிம்பு மடிப்புதான் இந்தப் பொம்மைக்கு அழகு, தாள் மிகவும் சொதப்பியிருப்பதும் அதில்தான். 15-ஆம் சுற்றை முன் கண்ணியில் ‘5 சிங்கிள், 1 கூட்டல்’ என 42 ஆக்கி, இன்னும் இரண்டு சுற்று பின்னி வெளியே மடிக்கச் சொல்கிறது. மடித்தால் வெளியே தெரிவது பின்னலின் உட்பக்கம்! வி வரிசைக்குப் பதிலாகக் குறுக்குக் கட்டைகள். 14-ஆம் சுற்று முடிந்ததும் ஒரு செயின் போட்டு வேலையைத் திருப்பிப் பிடியுங்கள். தொட்டியின் உட்பக்கம் இப்போது உங்களைப் பார்க்கும், சுற்று எதிர்த்திசையில் போகும். உங்களுக்கு அப்பால் இருக்கிற கண்ணியில் மட்டும் அதே 42-ஐப் போடுங்கள். மடிக்கும்போது நல்ல பக்கம் வெளியே வரும். உள் கண்ணி 36-உம் தொட்டிக்குள் வளையமாகக் காத்திருக்கும். அவற்றின் வேலை மண் பூட்டுவது.

மண் ஒரு கரும்பழுப்பு வட்டம், தொட்டியின் முதல் ஆறு சுற்றேதான். 36-க்கு 36, கண்ணிக்குக் கண்ணி நேராகத் தைக்கலாம். கருநிற நூலில் ஸ்டிச் கண்ணுக்கே தெரியாது, பகல் வெளிச்சத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு சின்ன மாற்றம்: ஐந்தாம் சுற்றைப் பின் கண்ணியில் மட்டும் போடுங்கள். நான்காம் சுற்றின் 24 முன் கண்ணிகள் மேலே நிற்கும். தண்டின் அடியில் 24 வரிசை முனைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று கோத்துத் தைத்தால் தண்டு நட்டநடுவில், கோணாமல் நிற்கும். தாளில் ‘நடுவில் வைத்துத் தைக்கவும்’ என்று ஒரே வரி. தண்டு ஓரமாக நழுவிய கள்ளிகளெல்லாம் அந்த ஒரு வரியின் புண்ணியம்.

முக்கால்வாசி தைத்ததும் தண்டுக்குப் பஞ்சு. பெரிய உருண்டையாகத் திணித்தால் கட்டி கட்டியாகும், சின்னச் சின்னதாகப் பிய்த்து, பென்சிலின் பின்முனையால் உச்சியில் இருந்து அடைத்து வாருங்கள். பள்ளங்கள் விரியத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் போனால் வரிகள் மறைந்து வெள்ளரிக்காய் ஆகிவிடும்.

பஞ்சு மட்டும் அடைத்த தொட்டி தலைப்பாரம் தாங்காது. டப்பா மூடியிலிருந்து 5.5 செ.மீ. பிளாஸ்டிக் வட்டம் வெட்டி அடியில் போடுங்கள். அதன்மேல் துணிப்பையில் கட்டிய 30–40 கிராம் கூழாங்கல் அல்லது கண்ணாடி மணி, அதற்குமேல் பஞ்சு, கடைசியில் மண் வட்டம். தானியம் போட்டால் பூச்சி வைக்கும், அட்டை போட்டால் முதல் அலசலிலேயே கூழாகிவிடும். பெட்டியில் இதற்கு எதுவும் தரவில்லை.

பக்கக் கிளைக்குத் தாள் சொல்வது வழவழப்பான உருளை, வரித்தண்டோடு ஒட்டவே இல்லை. 8 செயினில் 7 ஸ்டிச், 10 வரிசை, அதே பின் கண்ணி முறை. சுருட்டித் தைத்தால் தண்டின் பிள்ளை போலவே இருக்கும்.

பூவின் பக்கத்தில் மொழியே மாறிவிடுகிறது. தொட்டிக்கு அமெரிக்க முறைப் பெயர்கள், பூவுக்கு பிரிட்டிஷ் முறை. அமெரிக்க சிங்கிள் குரோஷேயை பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள், அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். மேஜிக் ரிங்குக்குள் ‘2 செயின், 2 டிரெபிள், 2 செயின், ஸ்லிப் ஸ்டிச்’ என ஐந்து இதழ் என்று போட்டிருக்கிறது. அதை அமெரிக்க டிரெபிளாகப் பின்னினால் இதழ் நீண்டு தொங்குகிறது. அமெரிக்க டபுளாகப் போடுங்கள், இதழ் நிமிர்ந்து நிற்கும். உச்சியில் சுருக்கிய துளை முழுக்க மூடாமல் கொஞ்சம் பஞ்சு தெரிகிறதா? பூவை அதன் மேலேயே வைத்துத் தைத்துவிடலாம்.