நிக்கோட்டின் குறைந்த சிகரெட்டா, நிக்கோட்டின் கம்மா?

புளியரை சோதனைச்சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றால் அண்ணாச்சி பீடியைப் பற்றவைத்துவிடுவார். தென்காசிப் பக்கம் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் அவர் ஓட்டுகிற வண்டியில் சரக்கோடு கேரளத்துப் புனலூர் போய்வருவேன். 2025 ஜனவரியில் ஒரு விடியற்காலை, அப்படி நிற்கும்போது செல்போனை என் பக்கம் நீட்டினார். அமெரிக்காவில் சிகரெட்டில் நிக்கோட்டினைக் குறைக்க விதி கொண்டுவரப் போகிறார்கள் என்று ஒரு செய்தி.

“பாத்தேளா தம்பி, நிக்கோட்டினையே எடுத்துருதானாம்லா. பொறவு அதுல என்ன கெடுதி இருக்கு? நம்மூருக்கு வந்துச்சுன்னா நான் அதுக்கு மாறிருவேன்.”

செய்தியில் பிழை ஒன்றும் இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) ஒரு கிராம் புகையிலையில் 0.7 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருக்கக் கூடாது என்று அந்த மாதம்தான் ஒரு வரைவை வெளியிட்டது. சாதாரண சிகரெட்டில் அது கிராமுக்குப் பதினைந்து மில்லிகிராமைத் தாண்டும். ஆனால் அந்தச் செய்தி அண்ணாச்சி மனதில் போய் உட்கார்ந்த விதம்தான் என்னைக் கலங்க வைத்தது. ஏனென்றால் அதே இடத்தில் நானும் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

பத்தொன்பது வருஷம் புகைத்தவன் நான். கடைசி இரண்டு வருஷம் ‘லைட்’ சிகரெட். அப்புறம் 2023 ஆடியில் நிக்கோட்டின் கம் (புகையை விடுவதற்கு மருந்துக்கடையில் விற்கிற, நிக்கோட்டின் கலந்த கம்) உதவியோடு புகைப்பதையே விட்டேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை. கம் பக்கம்தான். நிக்கோட்டின் குறைத்த சிகரெட்டை நான் கையால் தொட்டதுகூட இல்லை, நம் பக்கக் கடைகளில் அது கிடையாது. அதைப் பற்றி எழுதுவதெல்லாம் படித்ததை வைத்துத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லைட் சிகரெட்டும் நிக்கோட்டின் குறைத்த சிகரெட்டும் ஒன்றல்ல. லைட்டில் புகையிலை அப்படியேதான் இருக்கும். ஃபில்டரைச் சுற்றியுள்ள தாளில் ஊசிமுனை அளவில் ஓட்டைகள் போட்டிருப்பார்கள். ஒரு நாள் கடையில் குண்டு பல்பு வெளிச்சத்தில் ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், வளையம்போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. சோதனை இயந்திரம் இழுக்கும்போது அந்த ஓட்டைகள் வழியாகக் காற்று கலந்து, தாரும் நிக்கோட்டினும் குறைவாகக் காட்டும். மனுஷன் இழுக்கும்போது விரலும் உதடும் அந்த ஓட்டைகள் மேலேயே இருக்கும். போதாததற்கு, பற்றாக்குறையை ஈடுகட்ட நாம் ஆழமாக இழுப்போம். நான் பத்து பிடித்த இடத்தில் பதினான்கு பிடித்தேன். அமெரிக்காவில் 2010இலிருந்து பெட்டியில் ‘லைட்’, ‘மைல்டு’ என்று அச்சிடவே தடை. அதற்குள் ஒரு தலைமுறையே அதை நம்பிப் புகைத்து முடித்திருந்தது.

நிக்கோட்டின் குறைத்த சிகரெட் அப்படிப்பட்ட கண்கட்டு இல்லை. புகையிலையிலேயே நிக்கோட்டின் பெயருக்குத்தான் இருக்கும்போது எவ்வளவு ஆழமாக இழுத்தாலும் போதுமான அளவு கிடைக்காது. 2015இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில் 840 பேருக்கு வெவ்வேறு அளவு நிக்கோட்டின் உள்ள சிகரெட்டுகளைக் கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து, மிகக் குறைந்த அளவு கிடைத்தவர்கள் நாளுக்குச் சராசரியாக 15 பிடித்தார்கள். வழக்கமான சிகரெட்டோடு இருந்தவர்கள் 21, 22 பிடித்தார்கள். ஏங்கி ஏங்கிக் கூடுதலாகப் பிடிக்கவும் இல்லை. இதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. நாடு முழுக்க எல்லாச் சிகரெட்டிலும் ஒரே நாளில் நிக்கோட்டினை எடுத்துவிட்டால், இன்றைக்கு ஆசைக்கு ஒன்று இழுத்துப் பார்க்கிற பதினேழு வயதுப் பையன் நாளைக்கு அடிமையாகும் வாய்ப்பு மிகக் குறைவு. சட்டமாக வந்தால் நல்லதுதான் என்றே நினைக்கிறேன். நியூசிலாந்து 2022இல் கிராமுக்கு 0.8 மில்லிகிராம் என்று சட்டமே போட்டது. அரசாங்கம் மாறி, அது நடைமுறைக்கு வருவதற்குள் 2024இல் ரத்தும் செய்துவிட்டார்கள்.

என் பேச்சு சட்டத்தைப் பற்றியது அல்ல. ஏற்கெனவே புகைக்கிற, நாற்பதைத் தாண்டிய ஒருவர் காதில் ‘நிக்கோட்டின் குறைவு’ என்று விழும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது.

இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிக்கோட்டின் குறைத்த சிகரெட்டில் புகை முழுசாக இருக்கிறது, நிக்கோட்டின் பெயருக்குத்தான். கம்மில் நிக்கோட்டின் இருக்கிறது, புகை இல்லை. ஒன்று மற்றதன் தலைகீழ். இதில் எது ஆளைக் கொல்கிறது? நம்மைப் பிடித்து வைப்பது நிக்கோட்டின். நுரையீரலையும் நெஞ்சையும் தின்பது புகை. இலை எரியும்போது வருகிற தார், கார்பன் மோனாக்சைடு, பென்சீன், புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்கள், இன்னும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள். நிக்கோட்டினை எடுத்துவிட்டாலும் இலை எரியத்தான் செய்யும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை புகையிலைப் புகையைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. நிக்கோட்டினை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

ஆனால் ஜனங்கள் புரிந்து வைத்திருப்பது இதற்கு நேர்மாறாக. அமெரிக்காவில் புகைப்பவர்களிடம் கேட்டுப் பார்த்தபோது கிட்டத்தட்டப் பாதிப் பேர், நிக்கோட்டின் குறைத்த சிகரெட்டால் புற்றுநோய் வருவது குறைவு என்றே நம்பினார்கள். அண்ணாச்சி கேட்டதும் அதே கேள்விதான். கடல் கடந்து போனாலும் மனுஷன் மனசு ஒன்றுதான்.

இங்கேதான் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது எனக்குத் தெளிவாகிறது. விலை, ருசி, கிடைக்கிறதா இல்லையா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். ‘நிக்கோட்டின் குறைவு, அதனால் நல்லது’ என்று ஒருவர் மனதில் ஒருமுறை ஏறிவிட்டால், அவருக்கு நிக்கோட்டின்தான் விஷம் என்று ஆகிவிடுகிறது. விஷம் எடுத்த சிகரெட் தைரியம் தரும். விஷம் மட்டுமே உள்ள கம் பயம் தரும். ஒரே வாக்கியம், தவறான கதவைத் திறந்து வைத்துச் சரியான கதவைச் சாத்திவிடுகிறது. நான் கம் வாங்கி வந்த அன்று வீட்டில் நடந்தது இதுதான். அட்டையில் ‘நிக்கோட்டின்’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு என் மனைவி, “இதத் தின்னா புத்துநோய் வராதா? அதுக்குப் பேசாம அந்த லைட்டையே குடிங்க” என்றாள். அக்கறையில் சொன்னாள். இத்தனை வருஷ விளம்பரமும் எச்சரிக்கையும் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது அவ்வளவுதான்.

நிக்கோட்டின் குறைத்த சிகரெட் ஒன்றுக்கு 2021 டிசம்பரில் எஃப்.டி.ஏ. ஒரு சலுகை கொடுத்தது. ‘95 சதவீதம் குறைந்த நிக்கோட்டின்’ என்று விளம்பரப்படுத்திக்கொள்ளலாம், கூடவே ‘குறைவாகப் புகைக்க உதவும்’ என்றும் போட வேண்டும் என்றார்கள். நிக்கோட்டின் குறைந்ததால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை என்ற எச்சரிக்கையும் அந்தப் பெட்டியில் இருக்கிறது. ஒரே அட்டையில் ஒரு வரி ஆளைக் கூப்பிடுகிறது, ஒரு வரி தடுக்கிறது. அவசரத்தில் பெட்டியைத் திறக்கிற கைக்கு எது முதலில் கண்ணில் படும்? தொண்ணூற்றைந்து என்ற எண்தான்.

குறைவாகப் புகைப்பதும் நினைக்கிற அளவுக்கு லாபம் இல்லை. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிக்கிறவருக்கும், இருபது பிடிக்கிறவருக்கு வருகிற கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கிறது என்று 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. இருபதில் ஒரு பங்கு இல்லை, பாதி. பதினைந்துக்கு இறங்கியவர் நெஞ்சுக்கு எவ்வளவு மிச்சம் பிடித்திருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2016–17இல் எடுத்த அரசாங்கக் கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடி, 4 சதவீதம் பேர் சிகரெட். கடையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் பீடித் தட்டு இருக்கும். என் சித்தி நாற்பது வருஷமாகச் சுற்றுகிறாள். இலையை நனைத்து, கத்தரித்து, தூளைக் கிள்ளி வைத்து ஒரே உருட்டில் முடித்து நூல் கட்டுவாள். தட்டைத் தட்டினால் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரும். அந்தத் தூளில் யார் நிக்கோட்டினைக் குறைப்பது? அளந்து பார்த்த ஆய்வுகளில் பீடித் தூளில் கிராமுக்குள்ள நிக்கோட்டின் சிகரெட்டைவிடக் கூடுதல். அதனால் நிக்கோட்டின் குறைத்த சிகரெட் என்ற வழி, அண்ணாச்சி மாதிரி ஆட்களுக்கு வெறும் செய்தியாக மட்டும்தான் வந்து சேரும். பொருள் வராது, தவறான தைரியம் மட்டும் வரும்.

பெட்டியில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் போடுவது 2016 ஏப்ரலில் வந்தது. முதல் ஒரு வாரம் எனக்கு உறைத்தது, அப்புறம் கண்ணுக்குப் பழகிவிட்டது. ஒத்தையாக வாங்குகிறவர்கள் பெட்டியையே பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். மலைக்கு அந்தப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 1999இலேயே சொல்லிவிட்டது. நாடு முழுக்க அந்த விதி கறாராக வந்தது 2008 அக்டோபரில்தான். புனலூர் பஸ் ஸ்டாண்டில் பற்றவைக்கக் கை கூசும், செங்கோட்டையில் கூசாது. என்னை அந்தக் கூச்சம் குறைக்க வைத்திருக்கிறது, படங்கள் அவ்வளவு செய்யவில்லை.

கடைசியில் எனக்குப் பயன்பட்டது பெட்டியில் படத்துக்குப் பக்கத்தில் இருந்த, புகையிலையை விட உதவுகிற தொலைபேசி எண். 1800-11-2356, 2018 செப்டம்பரிலிருந்து அச்சிடுகிறார்கள். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசினார்கள். ஏன் குடிக்கிறீர்கள் என்று அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. “என்னைக்கு விடப் போறீங்க, ஒரு தேதி சொல்லுங்க” என்றுதான் கேட்டார்கள்.

கம் வாங்கியது புனலூரில், சந்தைக்குப் பக்கத்து மருந்துக்கடையில். 2 மில்லிகிராம் சீட்டு இல்லாமலே தருவார்கள், 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேடுகிற ஆளுக்கு 4தான் சரி என்பார்கள். முதல் நாள் சூயிங்கம் மாதிரி மென்று தள்ளினேன். விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்தது. அது மெல்லுகிற பண்டம் இல்லை. நாலைந்து கடி கடித்தால் மிளகு மாதிரி ஒரு உறைப்பு வரும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். உறைப்பு அடங்கினால் மறுபடி இரண்டு கடி. அரை மணி நேரம் இப்படி. வாய்த்தோல் வழியாகத்தான் நிக்கோட்டின் இறங்கும், விழுங்கினால் வீண். இன்னொன்று, கம்முக்குக் கால் மணி நேரம் முன்னாடி டீ, காபி கூடாது. டீயோடு சிகரெட் என்று பழகியவனுக்கு இதுதான் பெரிய பாடு. சாரல் அடிக்கிற ஆடி மாசத்தில், டீக்கடை வாசலில், டம்ளர் இல்லாமல் கம்மை ஒதுக்கிக்கொண்டு நின்ற அந்த முதல் மூன்று நாளை மறக்க முடியாது. அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் லேசானது. மூன்று மாதத்தில் கம்மையும் விட்டேன்.

இதைக் கேட்டு எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்து 2018இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட அலசல், கம், தோலில் ஒட்டுகிற நிக்கோட்டின் பட்டை போன்றவை புகையை விடுகிற வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் கூட்டும் என்கிறது. நல்ல உதவிதான், ஆனாலும் முதல் முயற்சியில் வழுக்குகிறவர்களே அதிகம். நானே அதற்கு முன் இரண்டு முறை வெறும் வைராக்கியத்தில் விட்டுத் தோற்றவன். பட்டை நான் போட்டதில்லை. மாத்திரையும் எடுத்ததில்லை, அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கம்முக்கே கேட்டுக்கொள்வது நல்லது. செலவும் உண்டு. சிகரெட்காரருக்குச் சரிக்குச் சரி வரும், பீடிக்காரருக்குக் கை கடிக்கும். அண்ணாச்சி தயங்கியது அதனால்தான், அதில் நியாயம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்துப் பார்க்கலாம் என்று சொன்னேன்.

அன்றைக்கு வரிசையில் அவருக்கு நான் சொன்னது இரண்டே வரி. “அண்ணாச்சி, நிக்கோட்டின் உங்கள இழுத்துப் பிடிக்கிற கயிறு. கொல்லுறது அந்தப் புகை.” கொஞ்ச நேரம் கையிலிருந்த பீடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ அது நிக்கோட்டின் இல்லாத புகை, அவ்வளவுதானே” என்றார். வண்டி நகர்ந்தது.

இன்னும் பீடி குடிக்கிறார். ஆனால் அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஸ்டியரிங்குக்கு மேலே வெயில் மறைப்புத் தட்டியில் செருகி வைத்திருக்கிறார். போன வாரம் எஸ் வளைவில் ஏறும்போது, “தேதி கேக்காங்க தம்பி. புரட்டாசி ஒண்ணு வச்சுக்கிடலாமா? கவிச்சியும் கிடையாது, சேத்து இதையும் நிறுத்திப் பாப்போம்” என்றார். வையுங்கள் என்றேன். அந்த வாரம் முழுக்க நானும் வண்டியில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.