சொந்தமா தயாரிச்ச இங்கிலீஷ் மெட்டீரியல்: சில பேட்ச் நடத்தின பிறகு

இன்ஜினியரிங் ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு கடையில வாங்கற புக்கை ஓரமா வச்சிட்டு டிபார்ட்மென்ட்லயே மெட்டீரியல் ரெடி பண்ணி சில பேட்ச் ஓட்டியாச்சு, தயாரிக்கலாமா வேணாமான்னு யோசிக்கற டீச்சர்ஸுக்காக எழுதறேன்.

ஆரம்பத்துல எல்லாரும் கை காட்டறது அகாடமிக் வேர்டு லிஸ்ட் (காலேஜ் பாட டெக்ஸ்ட்ல அடிக்கடி வர்ற இங்கிலீஷ் வார்த்தைகளோட பட்டியல்) தான், நியூசிலாந்துல ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000ல வெளியிட்டது, 570 வேர்டு ஃபேமிலி (ஒரே வார்த்தையோட பல வடிவங்கள் சேர்ந்தது ஒரு ஃபேமிலி). நல்ல லிஸ்ட், குறை சொல்ல முடியாது. ஆனா அதுக்காக அவங்க சேர்த்த டெக்ஸ்ட் எல்லாம் ஆர்ட்ஸ், காமர்ஸ், லா, சயின்ஸ் இந்த நாலுல இருந்து தான், இன்ஜினியரிங்னு தனியா கிடையாது. மெக்கானிக்கல் பையன் தினமும் புரட்டற லேப் மேனுவலுக்கு அது மட்டும் பத்தல.

அதனால பசங்களோட லேப் மேனுவல், சீனியர்ஸ் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் (கேட்டு வாங்கினது தான்) எல்லாத்தையும் டெக்ஸ்ட் ஃபைலா மாத்தி ஆன்ட்காங்க்ல போட்டோம். ஜப்பான் வசேடா யுனிவர்சிட்டி லாரன்ஸ் ஆந்தனி பண்ணின சாஃப்ட்வேர், காசு கிடையாது, சுமாரான லேப்டாப்லயும் ஓடும். ஒரு வார்த்தையை தேடினா அது வர்ற வரியெல்லாம் அடுக்கி காட்டிடும். 'ட்யூ டு த லோடு இஸ் இன்க்ரீஸ்டு'ன்னு எழுதற பசங்க தான் அதிகம், போர்டுல எத்தனை தடவை திருத்தினாலும் அடுத்த ரெக்கார்டுல அதே தான் வரும். 'ட்யூ டு'ன்னு தேட சொன்னோம், பின்னாடி வர்றது எல்லாம் நவுன் தான், முழு வாக்கியம் இல்லன்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க, அந்த ஒரு பயிற்சிக்காகவே இவ்வளவு பாடும் படலாம்னு தோணுச்சு. தமிழ் மீடியத்துல இருந்து வந்த பசங்களுக்கு இது ரொம்பவே செட் ஆச்சு, ஏன்னா ரூல் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல.

தலைவலின்னா பராமரிப்பு தான். ஆன்சர் கீ வாட்ஸ்அப்ல அடுத்த பேட்சுக்கு போயிடும், வருஷா வருஷம் பேசேஜ் மாத்தணும். ரெகுலேஷன் (யுனிவர்சிட்டி போடற சிலபஸ் விதி) மாறினா லேப் மேனுவலும் மாறும், நம்ம யூனிட்டும் பழசாயிடும். கெஸ்ட் லெக்சரர் வேலையை விட்டு போனா வேர்டு ஃபைலும் கூடவே போயிடுது, அதனால எல்லாமே ஷேர்டு டிரைவ்ல தான் இருக்கணும்னு முதல் நாளே சொல்லிடுங்க. ஜர்னல் கட்டுரையை இஷ்டத்துக்கு ஜெராக்ஸ் போடாம, சிசி பை லைசென்ஸ்ல (எழுதினவங்க பேரை போட்டா யாரும் பயன்படுத்திக்கலாம்ங்கற அனுமதி) வர்றதை எடுத்து, எழுதினவங்க பேரும் லைசென்ஸும் குறிச்சிட்டா பிரச்சனையில்ல.

லிசனிங் மட்டும் நாங்க தயாரிக்கல. ஸ்டாஃப் ரூம்ல ரெக்கார்ட் பண்ணி பாத்தோம், ஃபேன் சத்தம் தான் தெளிவா கேட்டுச்சு. அதுக்கு இன்னும் வாங்கின புக்கு தான்.